பந்தும் இறக்கையும்: சுப்ரதோ முகர்ஜி விட்டுச்சென்றது

தில்லி லக்ஷ்மிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் பள்ளி. அந்தப் பக்கமிருந்து கிழக்கே வந்து அரவிந்தர் மார்க்கைக் கடந்தால் ஐ.என்.ஏ. மார்க்கெட், அதற்கு வடக்கே சஃப்தர்ஜங் விமான நிலையத்தின் நீண்ட சுற்றுச்சுவர். ஆங்கிலேயர் காலத்தில் வில்லிங்டன் விமானத்தளம் என்று பெயர் பெற்றிருந்த இடம் அது. குதிரைப் பந்தயத் திடலை ஒட்டிய விமானப்படைத் தளமும் தொலைவில் இல்லை. பள்ளி மைதானமும் ஓடுபாதையும் இவ்வளவு நெருங்கிக் கிடக்கும் நகரப் பகுதிகள் இந்தியாவில் குறைவு. இவ்விரண்டையும் சேர்த்துக் கட்டும் பெயர் ஒன்றும் தில்லியில் உண்டு. பள்ளிக் கால்பந்து ஆடும் பிள்ளைகள் அதைக் கோப்பையின் பெயராக மட்டுமே அறிந்திருக்கிறார்கள்: சுப்ரதோ.

மைதானத்தில் பேர் வாங்கிய இளைஞர் ஒருவர் ராணுவ விமானி ஆகிறார். அவருக்குப் பின் அவரில் எது மிஞ்சுகிறது? உலகம் இதற்கு ஒரே விதமாக விடை சொல்லவில்லை. அமெரிக்கா ஒரு விதமாகச் சொன்னது, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியா இன்னொரு விதமாக. சுதந்திர இந்தியா மூன்றாவதாக ஒன்றைச் செய்துபார்த்தது. அந்த மூன்றாவதுதான் மிகப் பெரியது என்பது என் கருத்து. நாம் மிகக் குறைவாகப் பேசியிருப்பதும் அதைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் இந்தக் கேள்விக்கு உடனே நினைவுக்கு வரும் பெயர் நைல் கின்னிக். 1918இல் அயோவா மாநிலத்தின் ஏடெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் ஆட்டம். 1939இல் அயோவா பல்கலைக்கழக அணியின் வெற்றிகளுக்கு அவரே முதுகெலும்பு. கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு வழங்கப்படும் மிக உயர்ந்த பரிசான ஹெய்ஸ்மன் கோப்பையை அந்த ஆண்டு வென்றார். பரிசு பெற்றுப் பேசியபோது, ஐரோப்பாவின் போர்க்களங்களில் நிற்காமல் தம் நாட்டின் ஆட்டக்களங்களில் நிற்க வாய்த்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னார். தொழில்முறை ஆட்டக்காரர் ஆகாமல் சட்டம் படிக்கப் போனார். பிறகு கடற்படையின் விமானிப் பயிற்சியில் சேர்ந்தார். பேர்ள் துறைமுகம் தாக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்புதான் பணிக்கு அழைக்கப்பட்டார். 1943 ஜூன் 2 அன்று லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பயிற்சிக்காகப் பறந்த அவருடைய விமானம் எண்ணெய்க் கசிவால் வெனிசுவேலாவுக்கு அருகே கடலில் இறங்கியது. உடல் கிடைக்கவில்லை. வயது 24. அவர் ஆடிய மைதானத்துக்கு 1972இல் அவர் பெயர் வைக்கப்பட்டது. இன்றும் அதற்குக் கின்னிக் மைதானம் என்றே பெயர்.

அதே போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படை, விமானிகளாகப் போகும் இளைஞர்களுக்குப் பல்கலைக்கழக வளாகங்களில் முன்பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. அவற்றில் ஒன்று கின்னிக் படித்த அயோவாவிலேயே இருந்தது. கால்பந்து அங்கே பொழுதுபோக்காக இல்லாமல் பாடத்திட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆட்டத்தில் கூர்மைப்படும் கண், கை, துணிச்சல், கூட்டு உணர்வு எல்லாம் விமானி இருக்கைக்கும் உதவும் என்று அதை நடத்தியவர்கள் நம்பினார்கள். முதல் உலகப் போர்க்கால பிரிட்டனிலும் இதே நம்பிக்கை நிலவியது. நல்ல குதிரைவீரன் நல்ல விமானி ஆவான் என்றும், பெரிய தனியார் பள்ளிகளின் ஆட்டக்களங்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அதிகாரிகள் எண்ணினர்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் கீத் மில்லர் டெஸ்ட் கிரிக்கெட்டில் பெரும்பெயர் பெற்றவர், தம் ஊர்க் கால்பந்தையும் உயர்மட்டத்தில் ஆடியவர், இரண்டாம் உலகப் போரில் மொஸ்கீட்டோ விமானம் ஓட்டி உயிரோடு திரும்பியவர். ஆனால் கின்னிக்கின் முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் கசியும் எஞ்சினை எந்த ஆட்டத் திறமையாலும் அடைக்க முடியாது. மைதானம் விமானியை உருவாக்குகிறது என்ற நம்பிக்கை ஆள் சேர்ப்பவர்களுக்கு வசதியானது. இறந்தவர்களின் கணக்கில் அது தோன்றுவதே இல்லை. இளமையில் இறந்த ஆட்டக்காரரின் பெயரை நாடு கல்லில் பொறித்துவிட, அவர் செய்யாமல் போன காரியங்களின் இடத்தையும் அந்தக் கல்லே நிரப்பிவிடுகிறது.

ஆண்ட இனம் ஆளப்பட்ட இனத்தைச் சமமாக நடத்தாத காலத்து இந்தியாவில் ஆட்டத்துக்கும் விமானத்துக்கும் இருந்த உறவு இதற்கு நேர்மாறானது. அமெரிக்காவில் ஆட்டப் புகழ் ஒரு விமானியை மேலும் நாயகனாக்கியது. இந்தியனுக்கோ விமானத்தின் அருகே போவதற்கே அந்தப் புகழ் வேண்டியிருந்தது.

ஹர்தித் சிங் மாலிக்கின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1894இல் ராவல்பிண்டியில் பிறந்தவர், 14 வயதில் இங்கிலாந்துக்குப் போனவர். ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரியில் படித்தார். 1914இல் சசெக்ஸ் அணிக்காக முதல்தரக் கிரிக்கெட் ஆடினார். கோல்ஃபிலும் தேர்ந்தவர். கல்லூரி ஆட்டக்காரர் ராணுவ விமானி ஆனார் என்ற வரிக்கு இந்தியாவில் முழுமையாகப் பொருந்துபவர் இவரே. போர் வெடித்ததும் உடன் படித்த ஆங்கிலேய மாணவர்கள் எல்லாம் படையில் சேர்ந்தார்கள். இவர் விண்ணப்பித்தபோது இடம் மறுக்கப்பட்டது. மனம் தளராமல் பிரான்ஸ் போய்ச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு அவருடைய கல்லூரி ஆசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தால்தான் கதவு திறந்தது. 1917 ஏப்ரலில் ராயல் ஃப்ளையிங் கோரில் அதிகாரியானார். தலைப்பாகையை எடுக்க மறுத்ததால், அதன் மேல் அணியத் தக்க தலைக்கவசம் அவருக்கென்றே செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் ஃபிளாண்டர்ஸ் வானில் நடந்த சண்டையில் காலில் குண்டு பாய்ந்தது. கீழே இறங்கிய பிறகு பார்த்தால் அவருடைய சாப்வித் கேமல் விமானத்தில் 400க்கும் மேற்பட்ட குண்டுத் துளைகள். பிழைத்தார்.

பிழைத்ததால் அவருடைய புகழ் கலைந்தும் போனது. ஐ.சி.எஸ். அதிகாரி, பட்டியாலா சமஸ்தானத்தின் பிரதம மந்திரி, கனடாவில் சுதந்திர இந்தியாவின் முதல் ஹை கமிஷனர், பிரான்சில் தூதர் என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பொறுப்புகள். 1985இல் இறந்தபோது 90 வயது நிறைந்து 91ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். விமானம் ஓட்டிய ஆண்டுகள் அந்த நீண்ட வாழ்வில் ஒரு சிறு பகுதி. அவர் பெயரில் மைதானமும் எழவில்லை, பள்ளிப் பிள்ளைகள் ஆடும் கோப்பையும் இல்லை. வாழ்ந்து தீர்த்தவருக்கு நாம் கொடுக்கும் இடம், வாழாமல் போனவருக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

முதல் உலகப் போரில் விமானி இருக்கையில் அமர்ந்த இந்தியர்கள் என்று நான்கு பெயர்களைச் சொல்வார்கள். மாலிக் ஒருவர். பம்பாயின் ஸ்ரீ கிருஷ்ண வெலிங்கர் 1918இல் உயிரிழந்தார். எரல் சந்தர் சென் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். நான்காமவர் கல்கத்தாவின் இந்திரலால் ராய், லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியின் மாணவர். 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் பத்து வான்வெற்றிகள் அவர் கணக்கில் சேர்ந்தன. அதே மாதம் 22ஆம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டார். வயது இருபதுகூட நிறையவில்லை. அவருடைய அண்ணன் பரேஷ் லால் ராய் கேம்பிரிட்ஜில் குத்துச்சண்டை ஆடியவர். பின்னாளில் வங்காளத்தில் அந்த ஆட்டத்தை வளர்த்தவர். ஒருவர் வானத்தில் இறந்தார், இன்னொருவர் ஊர் திரும்பி மற்றவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தார். இந்தச் சகோதரர்களின் உறவு வட்டத்திலிருந்து, இந்திரலாலுக்கு மருமகன் முறையில் வந்தவர்தான் சுப்ரதோ முகர்ஜி.

சுப்ரதோ 1911 மார்ச் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை சதீஷ் சந்திர முகர்ஜி ஐ.சி.எஸ். அதிகாரி. தாய் சாருலதா, பிரசிடென்சி கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான பி.கே. ராயின் மகள். அக்கா ரேணுகா ராய் பின்னாளில் மேற்கு வங்கத்தில் அமைச்சராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். சுப்ரதோவைக் கல்லூரிக் கால்பந்து நட்சத்திரம் என்று சொல்ல மாட்டேன். மைதானத்தின் கரையில் நின்று வளர்ந்தவர், வாழ்நாள் முழுவதும் மோகன் பகானின் ரசிகர். 1911 ஜூலையில் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, காலணி அணிந்த ஆங்கிலேய ராணுவ அணியைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. அவர் பிறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வெற்றியைப் பேசிப் பேசி வளர்ந்த தலைமுறை அவருடையது. வெள்ளையனுக்கு நிகராக இந்தியனால் நிற்க முடியும் என்பதற்கு அந்தத் தலைமுறை கண்ட முதல் சான்று கால்பந்தில்தான் இருந்தது. இதை மறந்துவிட்டால், விமானப்படைத் தலைவர் ஒருவர் பள்ளிக் கால்பந்தைப் பற்றி ஏன் கவலைப்பட்டார் என்பது விளங்காது.

இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்ற முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். இந்திய விமானப்படை சட்டப்படி உருவான 1932 அக்டோபர் 8ஆம் தேதி அவரும் அதிகாரியானார். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோடில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. அதன் கையில் இருந்தவை நான்கு வபிட்டி ரக விமானங்கள். இந்திய விமானிகள் ஐந்தே பேர். அந்த ஐவரில் இருவர் அதே ஆண்டு விபத்தில் இறந்தனர். ஒருவர் படையை விட்டு விலக நேர்ந்தது. ஒருவர் பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கம் போனார். சுதந்திர இந்தியாவின் விமானப்படைக்கு அந்த ஐவரில் எஞ்சியவர் முகர்ஜி மட்டுமே.

எஞ்சியதோடு நிற்கவில்லை. 1939இல் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் ஆனார். 1943இல் வடமேற்கு எல்லையின் கோஹாட் விமானத்தளத்துக்குப் பொறுப்பேற்றார். அதிலும் அவரே முதல் இந்தியர். சுதந்திரத்துக்குப் பிறகும் விமானப்படையின் முதல் மூன்று தலைவர்கள் ஆங்கிலேயராகவே இருந்தார்கள். நான்காவதாக, 1954 ஏப்ரல் 1 அன்று, 43 வயதில் அவர் வந்தார். மிஸ்டேர், ஹண்டர், கேன்பரா, நேட் ஆகிய ஜெட் விமானங்கள் படைக்கு வந்துசேர்ந்தது அவருடைய காலத்தில்தான். பதவிக்காலத்திலேயே, 1960 நவம்பர் 8 அன்று, டோக்கியோவில் நண்பரோடு உணவருந்திக்கொண்டிருந்தபோது உணவுத் துண்டு மூச்சுக்குழாயில் அடைத்து இறந்தார். வயது 49. எல்லைப்புறப் பறத்தல்களிலும் உலகப் போரிலும் தப்பியவருக்குச் சாவு சாப்பாட்டு மேசையில் வந்தது. மனைவி சாரதா முகர்ஜி பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகவும், ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் ஆளுநராகவும் பணியாற்றினார்.

அவர் இறந்த அதே 1960இல்தான் அவருடைய எண்ணத்தில் உருவான அனைத்திந்தியப் பள்ளிக் கால்பந்துப் போட்டி தில்லியில் தொடங்கியது. அவருக்குப் பின் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த நேரத்தில் அது எவ்வளவு பெரிய எண்ணம் என்பதை இன்றிலிருந்து பார்த்தால் எளிதில் புரியாது. இந்தியக் கால்பந்து அப்போது உச்சத்தில் இருந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம், 1960இல் ரோம் ஒலிம்பிக், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். ரோமுக்குப் போன அணியில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரிலிருந்து எழுந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் இருந்தார். எம்.ஆர்.சி. அணி 1955இலும் 1958இலும் தில்லியில் டூரண்டு கோப்பையை வென்றது நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெருமை. படைப்பிரிவுகளும் கல்கத்தா, ஹைதராபாத் கிளப்புகளும் நாட்டுக்கு ஆட்டக்காரர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது வேருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலரே. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தலைநகருக்கு வந்து ஆட வேண்டும் என்று விமானப்படைத் தலைவர் நினைத்தார். ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்திய ஆண்கள் அணி தகுதி பெறவே இல்லை. அந்த எண்ணத்தை அன்று நாடு முழுக்கக் கைக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மாலிக்குக்கு விமானப்படையின் கதவைத் திறந்தவை ஆக்ஸ்ஃபோர்டும் அங்கே கிடைத்த பழக்கமும். சுப்ரதோவும் ஐ.சி.எஸ். வீட்டுப் பிள்ளை, கிரான்வெல் போனவர். வாய்ப்புள்ளோர் வட்டத்தில் பிறந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தொடங்கிய போட்டி அந்த வட்டத்துக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டது. மாவட்டத்தில் வென்று, மாநிலத்தில் வென்று, ரயிலேறி வந்து சேர்ந்தால் போதும். பள்ளியின் பேரும் கட்டணமும் அங்கே செல்லாது. மணிப்பூர், மிசோரம், ஜார்கண்ட், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் அரசுப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் பல ஆண்டுகளாக இங்கே வலுவான அணிகள். சிக்கிமிலிருந்து வந்த பைச்சுங் பூட்டியாவைக் கால்பந்து உலகம் கவனித்தது 1992 சுப்ரதோ கோப்பையில்தான். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. பிறகு இந்திய அணியின் தலைவரானார்.

தில்லி கேட் அருகே, பெரோஸ் ஷா கோட்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பேத்கர் மைதானம் இந்தப் போட்டியின் வீடு. கிரிக்கெட்டுக்குக் கூட்டம் அலைமோதும் கோட்லாவின் நிழலில், ஏறக்குறைய காலியான படிக்கட்டுகளின் நடுவே, நாட்டின் நல்ல பள்ளி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 2015 அக்டோபரில் இறுதி ஆட்டத்துக்குப் பெலே வந்தார். அன்று மட்டும் எல்லா கேமராக்களும் திரும்பின. மறுநாள் பழைய நிலை. இதற்குப் பத்திரிகைகளைக் குறை சொன்னால் போதாது. லக்ஷ்மிபாய் நகர், சரோஜினி நகர், கித்வாய் நகர் என்று தென்தில்லியில் வாழும் நம்மவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்த ஆட்டங்களைப் பார்க்கப் போகிறோம்? ஐ.பி.எல். சீட்டுக்கு அலையும் நாம், தில்லியிலேயே நடக்கும் பள்ளி இறுதி ஆட்டத்தின் தேதியைக்கூட விசாரிப்பதில்லை.

2012இல் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான பிரிவு சேர்க்கப்பட்டது. 52 ஆண்டுகள் தாமதம். ஆனால் சேர்ந்தபின் அதுவே இந்தப் போட்டியின் மிக உயிருள்ள பகுதி ஆகிவிட்டது என்பேன். ஜார்கண்டின் கும்லா மாவட்டம் போன்ற பழங்குடிப் பகுதிகளிலிருந்து வரும் பெண்கள் பட்டம் வென்றிருக்கிறார்கள். விளையாடக் காலணி கிடைப்பதே பெரிய காரியமான ஊர்கள் அவை. 1911இல் வெறுங்காலோடு வென்ற மோகன் பகானுக்கு நேரான வாரிசுகளை இந்தப் பெண்களிடம்தான் நான் காண்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பள்ளிக் கால்பந்தின் பழைய நோய் வயது மோசடி. 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் மீசை முளைத்த ஆட்களை இறக்கும் பள்ளிகளும் பயிற்சியாளர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். விமானப்படை மருத்துவர்களைக் கொண்டு எலும்பு வளர்ச்சிப் பரிசோதனை செய்து, வயது கூடிய ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்த அணிகளைப் போட்டியிலிருந்தே நீக்கியிருக்கிறார்கள். கடுமையான நடவடிக்கைதான். சரியானதும் அதுவே. ஆனால் தண்டனை பெரும்பாலும் பிள்ளைகளின் தலையில் விழுகிறது. தவறான சான்றிதழை ஏற்பாடு செய்த பெரியவர்கள் அடுத்த ஆண்டும் வேறு அணியோடு வந்து நிற்க முடிகிறது. ஒரு பையன் பதினெட்டு வயதில் பதினைந்து என்று பொய் சொல்லப் பழக்கப்பட்டால், அவனுக்குப் பதில் இடம்பெற வேண்டியிருந்த உண்மையான பதினைந்து வயதுக்காரன் ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். இந்தியக் கால்பந்து இழந்த ஆட்டக்காரர்களின் பட்டியலில் இவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொன்று, பெயருக்குப் பின்னால் இருக்கும் மனிதர் காணாமல் போனது. தில்லியில் அவர் பெயர் பல இடங்களில் இருக்கிறது. தௌலா குவானைத் தாண்டியதும் வரும் சுப்ரதோ பார்க்கில்தான் மேற்கு விமானப்படைத் தலைமையகம். அதே பெயரில் விமானப்படைப் பள்ளி, பேருந்து நிறுத்தம். அங்கே இறங்குபவர்களிடம் கேட்டால் பூங்காவின் பெயர் என்பார்கள், கோப்பைக்கு வந்த பிள்ளைகளிடம் கேட்டால் கோப்பையின் பெயர் என்பார்கள். கின்னிக் மைதானத்துக்கு வரும் அயோவாக்காரருக்கு அவருடைய கதை தெரியும், ஏனெனில் பல்கலைக்கழகம் அதை ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறது. நம்மிடம் போட்டி உயிரோடு இருக்கிறது, கதை மங்கிவிட்டது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் போட்டியையே வைத்துக்கொள்வேன். ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. போட்டிக்கு வரும் ஒவ்வோர் அணிக்கும் அவரவர் மொழியில் நான்கு பக்கக் கையேடு ஒன்று கொடுத்தால் போதும்: டிரிக் ரோடின் ஐந்து விமானிகள், நான்கு வபிட்டிகள், அந்த ஐவருக்கு நேர்ந்தது, எஞ்சிய ஒருவர் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி நினைத்தது.

தமிழில் அந்தக் கையேட்டை எழுதும் வேலையைத் தில்லித் தமிழ்ப் பள்ளிகளே ஏற்கலாம். தமிழ்நாட்டிலும் மாவட்டம்தோறும் பள்ளிக் கல்வித் துறை இந்தக் கோப்பைக்கான தகுதி ஆட்டங்களை நடத்துகிறது. வியாசர்பாடியிலும் ராயபுரத்திலும் கால்பந்தே மூச்சாக வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஓர் அணி மாநிலத்தை வென்று நிஜாமுதீனிலோ புதுதில்லியிலோ இறங்கும்போது, தங்க இடமும் நம்மூர்ச் சாப்பாடும் கொடுத்து, அம்பேத்கர் மைதானத்தின் படிக்கட்டில் ஐம்பது பேராவது தமிழில் குரல் கொடுக்க லக்ஷ்மிபாய் நகரத்தாரால் முடியும். கோப்பை 2020, 2021 ஆகிய கொரோனா ஆண்டுகளில் நின்றுபோய், 2022இல் 61ஆம் முறையாக மீண்டும் தொடங்கியது. அண்மை ஆண்டுகளில் சில பிரிவுகள் பெங்களூருக்கும் போயிருக்கின்றன. சென்னைக்கு ஒரு பிரிவைக் கேட்டுப் பெறத் தமிழ்நாடு அரசு விமானப்படைக்கு எழுதலாம். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, நேரு விளையாட்டரங்கமும் இருக்கிறது.